மலைநாட்டில் கையடக்கக் காமிரா

இடுக்கி மாவட்டத்துத் தேவிகுளம் தாலுகாவில் நீலக்குறிஞ்சி பேரளவில் மலர்ந்தது 2018-ஆம் ஆண்டில். அதற்கு முன்பு 2006-இல். பன்னிரண்டு ஆண்டுகளுக்கு ஒருமுறை பூப்பது இச்செடியின் இயல்பாதலால், ராஜமலைச் சரிவுகளும் வட்டவடை, கொட்டக்கம்பூர் மேடுகளும் இனி 2030-இல்தான் ஒருசேர நீலம் பூணும். 2018 ஆகஸ்டில் பெய்த பெருமழை மலைப்பாதைகளை அடைத்துவிட்டது. பாதை திறந்தபின் சென்றவர்கள் எடுத்துவந்த படங்களிலும் ஒரு குறை தென்படுகிறது. கண்ணுக்குக் கருநீலமாகத் தோன்றிய பூ சில படங்களில் இளஞ்சிவப்பு ஓடியும், சில படங்களில் வெளிறியும் நிற்கிறது. மறுநாள் சென்று வேறொரு படம் எடுத்துக்கொள்ளலாம் என்றால் பூ பன்னிரண்டு ஆண்டுகள் காத்திருக்கச் சொல்கிறது.

இம்மலைநாட்டில் படம் எடுக்க வேண்டியவர்கள் சுற்றுலாப் பயணிகள் மட்டுமல்லர். தேயிலைத் தோட்டத்துத் தமிழ்ப் பள்ளி ஆசிரியர், இரவிகுளத்து வனக் காவலர், வட்டவடையில் காய்கறிப் பயிரின் நோயைப் பார்வையிடும் வேளாண்மை அலுவலர், சாலைச் சரிவை அளக்கும் ஓவர்சியர் ஆகிய அனைவருக்கும் இன்று படம் ஓர் ஆவணம். சட்டைப்பையில் அடங்கும் டிஜிட்டல் காமிரா ஒன்றை இவர்கள் எவ்வாறு மதிப்பிட்டு வாங்குவது என்பதே இக்கட்டுரையின் பொருள். காமிராவுடன் வரும் விளம்பரத் தாளைக் கொண்டு இதனை முடிவு செய்ய இயலாது. அத்தாளை எழுதியவர் ஆனைமுடியின் அடியில் மூடுபனியில் நின்று எழுதியவர் அல்லர்.

பிலிம் சுருளிலிருந்து சென்சார் வரை

ஊருக்கு ஒருவரிடம் காமிரா இருந்தால் அதுவே பெரிது என்னும் காலம் ஒன்று இருந்தது. பரோடாவில் தயாரான ஆக்ஃபா கிளிக் 3 என்னும் பெட்டிக் காமிராவில் ஒரு சுருளுக்குப் பன்னிரண்டே படங்கள். உதகமண்டலத்தில் 1960-இல் நிறுவப்பட்ட இந்துஸ்தான் போட்டோ பிலிம்ஸ் தொழிற்சாலை ‘இந்து’ என்ற பெயரில் பிலிம் தயாரித்து நாடெங்கும் அனுப்பியது. அங்கு யந்திரங்கள் நின்று ஆண்டுகள் பலவாயின. பன்னிரண்டு படங்களுக்குள் அடக்கவேண்டும் என்ற கட்டுப்பாட்டினால் அக்காலத்தவர் ஒவ்வொரு முறையும் ஒளியைப் பார்த்து, தொலைவை மதித்து, மூச்சை அடக்கி விசையை அழுத்தினர். இப்பழக்கம் போய்விட்டது டிஜிட்டல் முறையின் ஒரு நட்டம் என்றே கூறவேண்டும்.

டிஜிட்டல் காமிராவின் முதல் மாதிரியை 1975-இல் அமெரிக்காவில் ஈஸ்ட்மன் கோடாக் நிறுவனத்தின் பொறியாளர் ஸ்டீவன் சாஸன் அமைத்தார். எடை சுமார் 3.6 கிலோகிராம், ஒரு படத்தில் பதிந்த புள்ளிகள் 10,000, அப்படத்தை ஒலிநாடாவில் பதிக்க 23 விநாடிகள் ஆயின. 2010-இல் கையடக்கக் காமிராக்களின் விற்பனை உச்சத்தை எட்டியது. லென்ஸ் நிலையாகப் பொருத்தப்பட்ட காமிராக்கள் அவ்வாண்டில் உலகெங்கும் பத்துக் கோடிக்கும் மேல் அனுப்பப்பட்டன. 2023-இல் அவ்வெண்ணிக்கை இருபது லட்சத்தையும் எட்டவில்லை. செல்பேசி இடையில் புகுந்து அந்தச் சந்தையை உண்டுவிட்டது.

ஆயின் செல்பேசி இருக்கத் தனிக் காமிரா எதற்கு? கேட்கத்தக்க கேள்வியே. வெயிலில், கைக்கெட்டும் தொலைவில், அசையாத பொருளை எடுப்பதற்குச் செல்பேசி போதும். இதற்கென்று பணம் செலவிட வேண்டியதில்லை. செல்பேசி தடுமாறும் இடங்கள் வேறு. மழைத்துளி விழுந்த தொடுதிரை விரலின் கட்டளையை ஏற்பதில்லை. தொலைவிலுள்ள வரையாட்டை நெருக்கிக் காட்ட, பல செல்பேசிகளில் உண்மையான ஜூம் லென்ஸ் இல்லை. மேலும் செல்பேசி தானாகவே படத்தை மெருகேற்றுகிறது: பல படங்களை ஒன்றாகச் சேர்க்கிறது, விளிம்புகளைக் கூர்மையாக்குகிறது, தோலை வழவழப்பாக்குகிறது. திருமணப் படத்திற்கு இது நன்று. இலையின் நோய்ப்புள்ளி உள்ளபடி இருந்தாகவேண்டிய படத்தில் இத்தகைய உதவி வேண்டாத உதவி.

பாத்திகளும் விளைச்சலும்

கடையில் முதலில் காதில் விழும் சொல் மெகாபிக்சல். பத்து லட்சம் பிக்சல் கொண்டது ஒரு மெகாபிக்சல். காமிராவினுள் பிலிம் இருந்த இடத்தில் இன்று சென்சார் என்னும் சிலிகான் தகடு இருக்கிறது. அதன்மேல் ஒளியை வாங்கும் நுண்ணிய கட்டங்களே பிக்சல்கள். கட்டங்கள் கூடினால் படம் சிறக்கும் என்று எண்ணுவது, ஒரு காணி நிலத்தில் பாத்திகளை மட்டும் இரட்டிப்பாக்கினால் விளைச்சல் இரட்டிக்கும் என்று எண்ணுவதற்கு ஒப்பாகும். நிலத்தின் பரப்பு மாறவில்லை. அதன்மேல் விழும் வெயிலும் மாறவில்லை.

ஆதலின் முதலில் கேட்க வேண்டியது சென்சாரின் பரப்பு. மலிவான கையடக்கக் காமிராக்கள் பெரும்பாலானவற்றில் அது ஏறத்தாழ 6.2 மில்லிமீட்டர் அகலமும் 4.6 மில்லிமீட்டர் உயரமும் கொண்டது. பரப்பு சுமார் 28 சதுர மில்லிமீட்டர், ஒரு புளியங்கொட்டையின் முகத்தினும் சிறியது. ‘ஓர் அங்குல’ வகை என்று வழங்கப்படும் சென்சாரின் அளவு 13.2க்கு 8.8 மில்லிமீட்டர், பரப்பு 116 சதுர மில்லிமீட்டர். (அதன் எந்தப் பக்கமும் ஓர் அங்குலம் இல்லை. பழைய தொலைக்காட்சிக் காமிராக் குழாய்களின் அளவுப் பெயர் ஒட்டிக்கொண்டு வந்துவிட்டது.) லென்ஸின் திறப்பும் ஷட்டர் வேகமும் ஒன்றாக இருந்தால் இரண்டாவது சென்சார் முதலாவதைப்போல் நான்கு மடங்கு ஒளியை அறுவடை செய்யும்.

பிக்சலை அளவின்றிக் கூட்ட இயலாமைக்கு மற்றொரு காரணமும் உண்டு. ஒளி சிறு துளை வழியே செல்லும்போது சற்றே விரிகிறது. எத்துணைச் சிறந்த லென்ஸும் ஒரு புள்ளியைப் புள்ளியாகவே வரைவதில்லை, சிறு வட்டமாகவே வரைகிறது. லென்ஸின் திறப்பு எஃப் 4.9 என்றால் பச்சை ஒளியில் அவ்வட்டத்தின் விட்டம் ஏறத்தாழ 6.6 மைக்ரான். சிறிய சென்சாரில் 12 மெகாபிக்சல் வைத்தால் ஒரு கட்டத்தின் அகலம் 1.5 மைக்ரான். அதாவது ஒரே ஒளிவட்டம் குறுக்கே நான்கு கட்டங்களில் பரவிக் கிடக்கிறது. இவ்வளவிலேயே இப்படியென்றால், 20 மெகாபிக்சல் என்ற எண்ணால் ஆவது என்ன? கோப்பின் எடை கூடும், விவரம் கூடாது.

எத்தனை மெகாபிக்சல்தான் போதும் என்றால், பள்ளிச் சுவரில் ஒட்டும் படத்திற்குக் கணக்கிடுவோம். 12 மெகாபிக்சல் படம் 4,000க்கு 3,000 கட்டங்கள். அங்குலத்திற்கு 300 கட்டம் என்ற நல்ல அச்சுத் தரத்தில் அது 13 அங்குல அகலமும் 10 அங்குல உயரமும் உள்ள படமாகும். வகுப்பறைப் புரொஜெக்டர் பெரும்பாலும் காட்டவல்லது இரண்டு மெகாபிக்சலே.

மறையூரிலிருந்து தேவிகுளம் வரை

காமிராவைச் சோதிக்க இத்தாலுகாவினும் சிறந்த இடத்தைத் தேடவேண்டியதில்லை. மேற்கு மலைத்தொடரின் மழைமறைவில் உள்ள சின்னாறு, மறையூர்ப் பக்கம் வறண்ட முட்காடு; மூணாற்றுப் பக்கமோ ஆண்டு மழை 3,000 மில்லிமீட்டரைத் தாண்டும் ஈரமலை. இரண்டிற்கும் இடையே சாலைவழி சுமார் 40 கிலோமீட்டர்தான். மூணாற்றிலிருந்து தேவிகுளம் இன்னும் சிறிது தூரம். ஒரே நாளில் சுடுவெயில், சோலை இருள், மூடுபனி, தூறல் நான்கும் காமிராவின்மேல் விழும்.

மறையூரில் தொடங்கலாம். அங்குள்ள கற்பாறைகளின்மேல் பெருங்கற்காலத்துக் கல்திட்டைகள் நிற்கின்றன. முனியறை என்று ஊரார் வழங்குவர். பலகைக் கற்களை நிறுத்தி மேலே மூடுகல் ஏற்றிய அறைகள் இவை. நண்பகலில் மூடுகல்லின்மேல் வெயில் எரிக்கும், அறைக்குள் கருநிழல். இரண்டையும் ஒரே படத்தில் அடக்கிப் பாருங்கள். தரம் குறைந்த காமிராவில் கல்லின் மேற்புறம் வெள்ளைத் தாளாகவோ, உட்புறம் கரிப்பூச்சாகவோ ஆகிவிடும். வெளுத்துப்போன இடத்தில் பின்னர் எவ்வகைத் திருத்தத்தாலும் விவரத்தை மீட்க முடியாது. இருண்ட இடத்தில் ஓரளவு மீட்கலாம். எனவே வெயிலில் சற்றே குறைவாக ஒளியிட்டு எடுப்பதே பாதுகாப்பு. ஒளியைக் கூட்டவும் குறைக்கவும் உரிய கூட்டல்-கழித்தல் பொத்தான் கைக்கெட்டும் இடத்தில் இருக்கிறதா, மூன்று மெனுக்களின் அடியில் புதைந்திருக்கிறதா என்பதை இங்கேயே கண்டுகொள்ளலாம். சென்சார் பதித்த எண்களை மெருகின்றிச் சேமிக்கும் ‘ரா’ கோப்பு வசதி இருந்தால் இத்தகைய காட்சிகளில் பெரிதும் உதவும்.

மறையூரை விட்டு மேலேறி இரவிகுளம் தேசியப் பூங்காவை அடைந்தால் வரையாடு. 97 சதுர கிலோமீட்டர் பரப்புள்ள இப்பூங்காவில்தான் உலகிலேயே மிகுதியான வரையாடுகள் வாழ்கின்றன. குட்டி ஈனும் பருவமாகிய ஆண்டின் முதல் மாதங்களில் பார்வையாளருக்கு ராஜமலை அடைக்கப்படும், அதையறிந்து செல்க. தோளுயரம் ஏறத்தாழ ஒரு மீட்டர் உள்ள ஓர் ஆடு 50 மீட்டர் தொலைவில் நிற்பதாகக் கொள்வோம். 12 மெகாபிக்சல் காமிராவில் ஜூம் இல்லாத அகலக் கோணத்தில் (25 மில்லிமீட்டர் என்று தாளில் குறிப்பிடுவர்) படத்தின் அகலம் சுமார் 69 மீட்டர் நிலத்தைக் காட்டும். ஆட்டின் உயரத்துக்குக் கிடைப்பவை 58 கட்டங்கள். ஆடு இருக்கிறது என்று சொல்லலாம், அவ்வளவே. 100 மில்லிமீட்டர் வரை ஜூம் செய்தால் படத்தின் அகலம் 17 மீட்டராகக் குறைந்து, ஆட்டுக்கு 230 கட்டங்கள் கிடைக்கும். கொம்பின் வளைவும் முதிர்ந்த கிடாயின் முதுகிலுள்ள வெளிர்நிறமும் அப்போது தெரியும். இது லென்ஸ் நகர்ந்து செய்யும் ஜூம். ‘டிஜிட்டல் ஜூம்’ என்று வேறொன்று உண்டு. படத்தின் நடுவே வெட்டிப் பெரிதாக்குவதன்றி அதில் ஒன்றுமில்லை. அதனை அணைத்து வைப்பதே முறை.

விசையை அழுத்தியதற்கும் படம் பதிவதற்கும் இடையேயுள்ள தாமதத்தையும் இங்கு அறியலாம். ஆடு தலை தூக்கும்போது அழுத்தினால் தலை குனிந்த படம் பதிகிறதென்றால் அக்காமிரா களத்துக்கு ஆகாது. விசையைப் பாதி அழுத்திக் குவியத்தை முன்னரே நிறுத்திக்கொண்டால் தாமதம் பெரும்பாலும் குறைந்துவிடும். இவ்வசதி ஏறக்குறைய எல்லாக் காமிராக்களிலும் உண்டு, பயன்படுத்துவோர்தாம் குறைவு.

சோலைக்குள் ஓர் ஒளிக்கணக்கு

புல்வெளிகளின் மடிப்புகளில் குறுகிய மரங்கள் நெருங்கி நிற்கும் காட்டைச் சோலை என்கிறோம். காமிராவின் உண்மையான தேர்வு இதனுள்ளேதான் நடக்கிறது. வெயில் நாளில் திறந்த வெளியில் ஐ.எஸ்.ஓ. 100, திறப்பு எஃப் 16, ஷட்டர் 1/100 விநாடி என்பது பழைய புகைப்படக்காரர் அனைவருக்கும் மனப்பாடம். பனி மூடிய சோலைத் தரையில் அந்த ஒளியில் ஐந்நூற்றில் ஒரு பங்கு இருப்பதாகக் கொண்டால் கணக்கு இவ்வாறு செல்லும். லென்ஸை எஃப் 2 வரை திறந்து, ஐ.எஸ்.ஓ. 400 வைத்தால் ஷட்டர் சுமார் 1/50 விநாடி. கை நடுங்காதவருக்கு இது போதும். ஆனால் அதே லென்ஸை முழுதும் ஜூம் செய்தால் திறப்பு எஃப் 4.9 ஆகச் சுருங்கி ஒளி ஆறில் ஒன்றாகிவிடுகிறது. ஷட்டர் 1/8 விநாடிக்கு இறங்கும்; எவர் கையிலும் படம் ஆடிப்போகும். 1/50 விநாடியை விடாமல் பிடிக்க வேண்டுமாயின் ஐ.எஸ்.ஓ.வை 2,400க்கு உயர்த்தவேண்டும். சிறிய சென்சாரில் அப்போது படமெங்கும் மணல் தூவியதுபோல் புள்ளிகள் தோன்றும்.

இதிலிருந்து அறியவேண்டியது: லென்ஸின் வளையத்தில் பொறித்துள்ள இரண்டு எஃப் எண்களையும் படிக்கவேண்டும். முதலாவது எண் ஜூம் இல்லாதபோது. இரண்டாவது முழு ஜூமில். விளம்பரம் முதலாவதையே பேசும். சோலைக்குள் ஜூமை மறந்து காலால் நடந்து அருகே செல்வதுதான் வழி.

மூடுபனி வேறுவிதமாக ஏமாற்றும். காமிராவின் ஒளிமானி காண்பதையெல்லாம் நடுத்தரச் சாம்பல் என்று கருதி அளக்கிறது. வெண்பனியையும் சாம்பலாக்கிவிடும். எனவே பனியில் ஒளியைக் கூட்டல் பக்கம் ஒரு படி நகர்த்துக. குவியமும் இடறும், பனியில் விளிம்புகள் இல்லாமையால் லென்ஸ் முன்னும் பின்னும் ஊசலாடும். ஏறத்தாழ அதே தொலைவிலுள்ள மரத்தண்டின் கரிய ஓரத்தில் குவியத்தை நிறுத்திக்கொண்டு பின்னர்ப் பொருளுக்குத் திரும்பலாம்.

குறிஞ்சியின் நிறம்

தொடக்கத்தில் கூறிய நிறக்குறைக்கு வருவோம். பிலிம் காலத்தில் இதன் காரணம் அறியப்பட்டிருந்தது. நீலப் பூக்கள் சில, மனிதக் கண் காணாத அகச்சிவப்பு ஓரத்து ஒளியையும் மிகுதியாகத் திருப்பி அனுப்புகின்றன. கண் அதைப் பொருட்படுத்துவதில்லை, வண்ணப் பிலிம் பொருட்படுத்தியது, பூ இளஞ்சிவப்பாயிற்று. டிஜிட்டல் காமிராவில் சென்சாரின் முன்னே அகச்சிவப்பைத் தடுக்கும் கண்ணாடி உண்டு. எனவே இக்குறை பெரிதும் குறைந்துவிட்டது.

ஆனால் வேறொரு குறை புகுந்தது. காட்சியில் எந்த நிறம் மிகுந்திருக்கிறதோ அது விளக்கின் குற்றம் என்று எண்ணி, தானியங்கி வெண்சமநிலை அதனைக் கழித்துவிடுகிறது. மஞ்சள் பல்பின் கீழே இது பயன்படும். மலை முழுதும் நீலமாக நிற்கும்போது அந்த நீலமே குற்றமாகக் கருதப்பட்டு வெளிறிவிடுகிறது! பரிகாரம் எளிது. தானியங்கியை விடுத்து ‘வெயில்’ அல்லது ‘மேகம்’ என்ற நிலையில் வைக்கவேண்டும். முதற்படத்தில் பூக்கொத்தின் பக்கத்தில் வெள்ளைத்தாள் ஒன்றைப் பிடித்து எடுத்துக்கொள்ளுங்கள். பிற்பாடு கணிப்பொறியில் அத்தாளை வெள்ளையாக்கினால் பூ தன் நிறத்தை அடையும். 2030-க்குக் காத்திருக்காமல் இப்பயிற்சியைப் பள்ளித் தோட்டத்துச் சங்குப்பூவிலேயே செய்து பழகலாம்.

ஓர் அங்குலத் தவளை

ஆனைமுடியின் உச்சிப்பகுதியிலிருந்து 2010-இல் விஞ்ஞான உலகிற்கு விவரிக்கப்பட்ட செம்மஞ்சள் நிறப் புதர்த்தவளை ஒன்றுண்டு. ராவோர்செஸ்டெஸ் ரெஸ்ப்ளென்டென்ஸ் என்பது பெயர். உடல் நீளம் ஏறத்தாழ ஓர் அங்குலம். இத்தகைய சிற்றுயிர்களையும் பூச்சிகளையும் இலைநோயையும் எடுக்கச் சிறிய சென்சார்தான் உகந்தது என்றால் வியப்பாக இருக்கும். சென்சார் சிறிதானால் அதற்குரிய லென்ஸும் குறுகியது. ஒரே கோணத்தில் முன்பின் தெளிவின் ஆழம் மிகும். பெரிய சென்சாரில் தவளையின் கண் தெளிந்தால் கால் மங்கும். சிறியதில் இரண்டும் ஓரளவு தெளியும். ஒளிக்கணக்கில் இழந்ததை இங்கே ஈட்டிக்கொள்கிறோம்.

சான்றாக இரண்டு காமிராக்களை ஒப்பிடலாம். 2019-இல் வந்த ஒலிம்பஸ் டி.ஜி.-6 சிறிய சென்சாரும் 12 மெகாபிக்சலும் எஃப் 2 முதல் 4.9 வரை திறப்பும் கொண்டது. லென்ஸின் முகத்திலிருந்து ஒரு சென்டிமீட்டர் அருகே இருப்பதையும் குவிக்கும். 15 மீட்டர் ஆழ நீரைத் தாங்கும். 2012-இல் வெளிவந்த சோனி ஆர்.எக்ஸ். 100 ஓர் அங்குல வகைச் சென்சாரும் எஃப் 1.8 திறப்பும் உடையது, அகலக் கோணத்தில் ஐந்து சென்டிமீட்டர், முழு ஜூமில் 55 சென்டிமீட்டர் வரையே அருகே செல்லும், நீர்க்காப்பு கிடையாது. இரண்டும் கால் கிலோகிராம் எடை. வகுப்பறை, கூட்டம், மாலை நேரத்து மனித முகம் ஆகியவற்றில் இரண்டாவது வெகுவாக முந்தும். ஆனால் ஜூன் முதல் செப்டம்பர் வரை இம்மலையில் அது பெரும்பாலும் பைக்குள்ளேயே இருக்கும். பைக்குள் இருக்கும் காமிரா எத்துணைச் சிறந்ததாயினும் படம் எடுப்பதில்லை. களப்பணியாளருக்கு முதல் வகையையும், ஆசிரியருக்கு இரண்டாம் வகையையும் பரிந்துரைப்போம். இவ்விரு மாதிரிகளையே வாங்கவேண்டும் என்பதில்லை, வகைதான் முக்கியம்.

அண்மைப் படத்தில் அளவுகோல் வைக்க மறத்தல் ஆகாது. நாணயம் வைப்பது வழக்கம். ஆனால் ஒரே மதிப்புள்ள நாணயம் காலத்துக்குக் காலம் வேறு வேறு அளவில் வந்துள்ளது. 2011 வரிசை ஒரு ரூபாயின் விட்டம் ஏறத்தாழ 22 மில்லிமீட்டர். முந்தைய ஒரு ரூபாய்கள் சில 25 மில்லிமீட்டர். மாணவனின் பிளாஸ்டிக் அளவுகோலே நம்பகமானது. உயிரினத்தை அளவுகோலுக்காகப் பிடித்து வைக்கக் கூடாது. அது சென்றபின் அதே இலையில் கோலை வைத்து மற்றொரு படம் எடுத்தால் போதும். கல்லையும் மரக்கட்டையையும் புரட்டிப் போட்டுப் படம் எடுப்பவர் சிலர், அதன்கீழ் வாழ்ந்த உயிரின் வீட்டை இடித்துவிட்டோம் என்பதை அறிவதில்லை. தேசியப் பூங்காவினுள் இவற்றுக்கெல்லாம் வனத்துறையின் அனுமதி வேண்டும்.

நீர், குளிர், பூஞ்சை

சனவரியில் இப்பகுதித் தாழ்வாரங்களில் புல்லின்மேல் உறைபனி படியும் நாள்கள் உண்டு. லித்தியம் பாட்டரி குளிரில் சோர்ந்துவிடும். உள்ளே மின்சாரம் இருந்தும் வெளிவிடாது. மாற்றுப் பாட்டரியைச் சட்டையின் உட்பையில் உடல் வெப்பத்தில் வைத்திருந்தால் நன்கு உழைக்கும். வெளிக்குளிரிலிருந்து அடுப்பெரியும் வீட்டினுள் காமிராவைக் கொண்டு சென்றால் லென்ஸில் நீர் வேர்க்கும். வெளியிலேயே பிளாஸ்டிக் பையில் இட்டு வாயைக் கட்டி உள்ளே கொணர்ந்து, அரைமணி கழித்துத் திறக்க வேண்டும். வேர்வை பைமேல் படியும்; காமிராமேல் படியாது.

பருவமழை மாதங்களில் பீரோவில் பூட்டி வைத்த காமிராவின் லென்ஸினுள் பூஞ்சை சிலந்திவலைபோல் படரும். தோல் உறையும் துணிப்பையும் ஈரத்தைச் சேமிக்கும் பகைவர்கள். காற்றுப் புகாத சமையலறை டப்பாவில் சிலிக்கா ஜெல் பொட்டலம் இட்டு அதனுள் வைப்பது மலிவான வழி. மணிக்கட்டுக் கயிறு அவசியம்: காலில் ஏறும் அட்டையைத் தட்ட ஒரு கை எப்போதும் வேண்டும்!

நேரமும் இடமும்

2020 ஆகஸ்டு 6 இரவு ராஜமலையை அடுத்த பெட்டிமுடியில் மலை சரிந்து தோட்டத் தொழிலாளர் குடியிருப்புகளை மூடியது. காணாமற்போனோர் உட்பட 70 பேர் மாண்டனர். படம் எடுப்பதால் மலைச்சரிவு நின்றுவிடாது. ஆயினும் ஒரு விரிசல் விரிகிறதா, நிற்கிறதா என்று நிலவியலாளர் கேட்கும்போது, “போன மழைக்கு இவ்வளவு இல்லை” என்ற நினைவைவிட அளக்கத்தக்க இரண்டு படங்கள் மேலானவை.

அதற்கு முறை உண்டு. விரிசலின் இருபுறமும் முளை ஒன்று அடித்து, இரண்டுக்கும் இடையே அளவுகோலைக் கிடத்தி, காமிராவை நேர்மேலே பிடித்து எடுக்கவேண்டும். படத்தின் அகலம் 50 சென்டிமீட்டர் தரையைக் காட்டினால் 12 மெகாபிக்சலில் ஒவ்வொரு மில்லிமீட்டருக்கும் எட்டுக் கட்டங்கள் கிடைக்கும். ஒரு மில்லிமீட்டர் நகர்வும் கண்ணுக்குப் புலனாகும். சாய்த்துப் பிடித்தால் கணக்குத் தவறும். சரிவு முழுதையும் எடுப்பதாயின் பெயர்க்கல், பாலத்தின் தூண் போன்ற நகராத இடத்தில் நின்று, ஒரே கோணத்தில், மாதம் ஒருமுறை எடுக்கலாம். மழை பெய்துகொண்டிருக்கும்போது விரிசல் விட்ட சரிவில் ஏறுவது படத்துக்காகக்கூடச் செய்யத்தக்கதன்று.

இத்தகைய படத்தில் நாளும் மணியும் உயிர்நிலை. பாட்டரியை நெடுநாள் கழற்றி வைத்தால் சில காமிராக்களின் கடிகாரம் பழைய ஆண்டுக்குத் திரும்பிவிடும். களத்துக்குப் புறப்படும்முன் செல்பேசியின் மணியோடு ஒப்பிட்டு, முதற்படமாகச் செல்பேசித் திரையையே எடுத்துக்கொள்வது நல்ல வழக்கம். கடிகாரம் பிழைத்தாலும் பிழை எவ்வளவு என்று பின்னர் அறியலாம். ஜி.பி.எஸ். உள்ள காமிரா இடத்தையும் பதிக்கும். ஆழ்ந்த பள்ளத்தாக்கிலும் சோலைக்குள்ளும் அது தடுமாறும் என்பதால் பக்கத்து ஓடை, பாலம், தோட்டப் பிரிவு ஆகியவற்றின் பெயரைக் குறிப்பேட்டில் எழுதுக.

மேலதிகாரிக்கு வாட்ஸ்அப் வழியே சாதாரணப் படமாக அனுப்பினால் படம் சுருக்கப்படுவதோடு, அதனுள் பதிந்த நாளும் இடமும் நீங்கிவிடுகின்றன. ஆவணம் என்ற வகையில் இணைத்து அனுப்பினால் கோப்பு உள்ளபடி செல்லும். இதற்கு நேர்மாறான எச்சரிக்கையும் உண்டு. மறையூரின் சந்தன மரத்தையோ, அரிய உயிரின் இருப்பிடத்தையோ காட்டும் படத்தை இடக்குறிப்புடன் பொதுவில் வெளியிட்டால் திருடனுக்கு வழிகாட்டியதாகும். குடிகளிலும் லயங்களிலும் மனிதரை, சிறப்பாகக் குழந்தைகளை, எடுக்குமுன் பெற்றோரிடம் கேட்டுக்கொள்வதும், எடுத்த படத்தில் ஒரு பிரதியை அச்சிட்டுக் கொண்டுபோய்க் கொடுப்பதும் பழைய புகைப்படக்காரர்கள் காத்த முறை.

வாங்கும் முன்

கடையில் பெட்டியைத் திறக்கச் சொல்லி ஐந்தாறு படங்கள் எடுத்துப் பார்க்கலாம். கடையின் இருண்ட மூலையில் ஒன்று, அச்சிட்ட தாளை நெருங்கி ஒன்று, தெருவில் ஓடும் ஆட்டோவை ஒன்று, முழு ஜூமில் எதிர்வரிசைப் பெயர்ப்பலகையை ஒன்று. காமிராவின் சிறு திரையில் எல்லாம் அழகாகவே தெரியும். கார்டைக் கழற்றிக் கணிப்பொறியில் முழு அளவில் காண்க. வெளியே வந்து திரையை வெயிலில் பிடித்துப் பாருங்கள். எதுவும் தெரியவில்லையெனில் தோட்டச் சரிவிலும் தெரியாது. மாற்றுப் பாட்டரியும் கார்டும் எளிதில் கிடைப்பவைதாமா, பழுது பார்க்கும் இடம் அருகில் உண்டா என்றும் கேட்டறிக.

பள்ளியில் ஏற்கனவே நல்ல செல்பேசி ஒன்று இருந்து, பணம் குறைவாக இருந்தால், காமிரா வாங்குவதைத் தள்ளிவைக்கலாம். அப்பணத்தில் சிறிய முக்காலி, அளவுகோல், நீர்புகா உறை மூன்றையும் முதலில் வாங்குவது மேல். ஆடாத கையும் அளவும் இல்லாத படத்தை எந்தச் சென்சாரும் காப்பாற்றாது.

எடுத்தவற்றை இரண்டு இடங்களில் சேமிக்க. ஒன்று பள்ளி அல்லது அலுவலகக் கணிப்பொறி; மற்றொன்று வேறு கட்டடத்தில் உள்ள வட்டு. மெமரி கார்டு நிலையான பெட்டகம் அன்று. கோப்பின் பெயரில் ஆண்டு, மாதம், நாள் முதலில் வரட்டும், இடம் அடுத்து, பொருள் இறுதியில். 2018-இல் எடுத்த குறிஞ்சிப் படங்கள் கையில் உள்ளவர்கள் அவற்றை இவ்வாறே பெயரிட்டு, நின்ற இடத்தையும் எழுதி வைத்தால், 2030-இல் அதே கல்லின்மேல் நின்று மீண்டும் எடுக்கலாம்.